திருமலை (திருகோணமலை) ரவுணுக்க பூட்டிக் ஹோட்டலில றூம் போட முதல்: ஆக்கள் விடுற பிழையள்

திருமலைக்கு வாற கனபேர் ரவுணுக்க தங்குறதே இல்ல, நேர உப்புவெளி நிலாவெளி எண்டு கடற்கரைக்குப் போயிடுவினம். இப்ப ரவுணுக்கயும், டைக் ஸ்ட்ரீட் பக்கம் மாதிரி இடங்களில, பழைய வீடுகளத் திருத்தி நாலஞ்சு றூமோட வடிவான சின்ன ஹோட்டல்கள் இருக்கு. அதில நிண்டுட்டுப் போறவையின்ர புறுபுறுப்பக் கேட்டா பாதியில ஹோட்டலில பிழையே இல்ல. கடற்கரை ரிசோர்ட்ட மனசில வச்சுக்கொண்டு ரவுணுக்க றூம் போட்டதுதான் பிழை.

முதல் பிழை ஃபோனிலயே நடக்குது. புக்கிங் ஆப்பில திருகோணமலை எண்டு போட்டா உப்புவெளியும் வரும், நிலாவெளியும் வரும், சிலநேரம் குச்சவெளியும் வரும். உப்புவெளி ரவுணில இருந்து ஒரு அஞ்சு கிலோமீற்றர், நிலாவெளி பதினஞ்சுக்குக் கிட்ட. மாப்பப் பெரிசாக்கி பஸ் ஸ்டாண்டும் பத்திரகாளி அம்பாள் கோயிலும் எவ்வளவு தூரம் எண்டு பாத்திட்டுக் காசக் கட்டுங்கோ. புறாமலைத் தீவுக்குப் போய் பவளப்பாறை பாக்கிறதுதான் உங்கட முக்கிய வேலை எண்டா ரவுண் வேணாம், போட் வெளிக்கிடுறது நிலாவெளியில.

அடுத்தது சத்தம். இதுதான் பெரிய விசயம். விடியமுதலே கோயில் மணியும் ஸ்பீக்கர் பாட்டும் தொடங்கும், பள்ளியில பாங்கு சொல்லுவினம், பேந்து சூன் பாண் ஓட்டோ (தெருத்தெருவாப் பாண் விக்கிறது) மியூசிக் போட்டுக்கொண்டு வரும், அதுக்குள்ள காகம், பஸ் ஹோன், பக்கத்து வீட்டுக் குசினி, எல்லாம் சேந்து ஆறு மணிக்கு முதலே உங்கள எழுப்பிப்போடும். "அமைதியான சூழல்" எண்டு போட்டிருந்ததே எண்டு ரிசப்ஷன் பெடியனோட சண்டை பிடிச்சு வேலையில்ல, அவன் பாங்கையும் பூசையையும் நிப்பாட்டேலுமே? றூம் போடேக்கயே கோல் எடுத்து, றோட்டுப் பக்கம் வேணாம், பின்பக்கம் உள்ள றூம் தாங்கோ எண்டு கேளுங்கோ. பழைய வீடுகளில ஒரு பெரிய அறைய பலகை அடிச்சு ரெண்டாப் பிரிச்சு வச்சிருப்பினம், பக்கத்து அறைக்காரர் குறட்டை விட்டாலும் கேக்கும், ஃபோட்டோவில அது தெரியாது. அதையும் கேளுங்கோ. லிஃப்ட் இருக்காது, முழங்கால் நோவுள்ள அம்மா அப்பாவக் கூட்டிவாறீங்கள் எண்டா கீழ் றூம்.

திருவிழா நாள் பாக்காம வாறது இன்னொண்டு. சிவராத்திரி முடிய கோணேஸ்வரம் கோயில் சாமி கோணேஸ்வரர் நகர்வலம் வருவார், வீட்டு வாசல் எல்லாம் கும்பம் வச்சு றோட்டெல்லாம் சனம் நிறைஞ்சிருக்கும். அண்டைக்குப் பின்னேரம் காரில வந்து ஹோட்டல் வாசலில இறங்குவம் எண்டு நினைச்சா நடக்காது. ஆனா எனக்கு எண்டா ரவுணுக்க நிக்கிறதுக்கு அதவிட நல்ல நாள் இல்ல. அந்த நேரத்துக்கு மட்டும் றோட்டுப் பக்க பல்கனி றூமக் கேட்டு வாங்குங்கோ.

சீசன் விசயமும் அப்பிடித்தான். மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் கடல் அமைதி, ஆனா அதே நேரம்தான் கச்சான் காத்தும் அடிக்கிறது, மத்தியானம் முகத்தில நெருப்பள்ளிக் கொட்டின மாதிரி இருக்கும். ஃபேன் றூம் மலிவா இருக்கு எண்டு போட்டிடாதேங்கோ. கறண்ட் போனா ஜெனரேற்றர் ஏசிக்கும் வேலை செய்யுமோ லைற்றுக்கு மட்டுமோ எண்டும் கேட்டு வையுங்கோ. நவம்பர், டிசம்பர் மழை, றூம் மலிவு, கடலில இறங்கிற எண்ணத்த விடுங்கோ.

காசு. ஃபோனில சொல்லுற விலை முழு விலையோ எண்டு கேளுங்கோ. சர்வீஸ் சார்ஜ் 10 வீதம், வற் வரி கட்டுற இடமெண்டா 2024 ஜனவரியில இருந்து 18 வீதம், ரெண்டும் ஏறினா பில் வேற மாதிரி இருக்கும். உள்ளூர் ஆக்களுக்கு வேற ரேட் வச்சிருக்கிற இடங்களும் உண்டு, அடையாள அட்டைய மறக்காம கொண்டு வாங்கோ.

கொழும்பில இருந்து இரவு றெயினிலயோ பஸ்ஸிலயோ வாறவை விடியக் காத்தால வந்து இறங்கிட்டு, மத்தியானம் ரெண்டு மணி செக்இன்னுக்கு பையோட வாசலில குந்தி இருக்கிறதக் காணலாம். முதல் நாளே சொல்லி வச்சா பையயாவது வாங்கி வைப்பினம், றூம் வெறுமையா இருந்தா தந்தும் விடுவினம்.

சாப்பாட்டையும் ஹோட்டலுக்குள்ளயே முடிக்கிறது சரியான பிழை. காலமை பாணும் ஜாமும் ஒம்லெட்டும் தின்னவோ ரவுணுக்க வந்தனீங்கள்? வெளிய நடந்து போனா சுடச்சுட இடியப்பம் சொதி சம்பல் கிடைக்கும். இரவுச் சாப்பாடு ஹோட்டலில வேணுமெண்டா மத்தியானமே சொல்லுங்கோ, சின்னக் குசினி, மீன் நண்டு எல்லாம் சொன்னாப் பிறகுதான் வாங்கப் போவினம். போயா (பௌர்ணமி) நாளில பியர் கேட்டுச் சண்டை பிடிக்காதேங்கோ, நாடு முழுக்க அண்டைக்கு விக்கக் கூடாது.

கோணேஸ்வரத்துக்கு ரவுணில இருந்து நடந்தே போகலாம், அரைக்காற்சட்டையோட வெளிக்கிடாம ஒரு வேட்டியோ நீளக் காற்சட்டையோ எடுத்துவையுங்கோ. பழைய கோணேஸ்வரம் கோயில இடிச்ச கல்லால போர்த்துக்கேயர் கட்டின கோட்டைக்குள்ளால போகவேணும், உள்ளுக்க ஆமி இருக்கு, காம்பப் படம் எடுக்காதேங்கோ. மான்கள் கிட்ட வரும். பிஸ்கட்ட பேப்பரோட நீட்டுற ஆக்கள் இருக்கினம், அது பொலித்தீனையும் சேத்துத் தின்னும். இரவில அந்தப் பக்கத்தால ஓட்டோவில வரேக்க மெதுவாப் போகச் சொல்லுங்கோ, மான் றோட்டிலயே படுத்திருக்கும்.