கையால் தைக்கும் குவில்ட்: தவறு நடப்பது ஓரிடம், தெரிவது வேறிடம்

கையாலேயே ஒரு குவில்ட், அதாவது துண்டுத் துணிகளை இணைத்து உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை, தைக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே மகிழ்ச்சி வரும். கூடவே ஒரு கேள்வியும் வரும்: எவ்வளவு பெரியது? ‘இரட்டைக் கட்டிலுக்கு’ என்று பதில் வந்தால் கொஞ்சம் தடுத்துப் பார்ப்பேன். முதல் முயற்சிக்கு 36 அங்குலச் சதுரம் போதும். அதிலேயே ஆயிரக்கணக்கான தையல்கள் விழும்.

குவில்டில் மூன்று அடுக்குகள் உண்டு. மேலே துண்டுகளை இணைத்த முகப்பு, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி. மூன்றையும் ஊடுருவிச் செல்லும் ஓட்டுத்தையல்தான் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. இந்த வேலையில் தவறு நடந்த நாளில் எதுவும் தெரியாது. வெட்டும்போது செய்த பிழை இணைக்கும்போது தெரியும். விரிக்கும்போது செய்த பிழை கடைசி வாரத்தில்தான் கண்ணில் படும். பலருடைய குவில்ட் பாதியில் மடித்து வைக்கப்படுவது சோம்பலால் அல்ல, இப்படித் தாமதமாக வெளிப்படும் பிழைகளால்தான் என்பது என் கருத்து.

சவாலாக எடுத்துச் செய்பவர்கள் தங்களுக்குத் தாங்களே விதி வகுத்துக்கொள்வது நல்ல பழக்கம். இரண்டே நிறம், வீட்டிலுள்ள பழைய உடைகள் மட்டும் என்று ஏதாவது ஒரு கட்டுப்பாடு கற்பனையைக் கூர்மையாக்கும். ஆனால் புதிய வடிவம், புதிய வகைத் துணி, புதிய தையல் முறை மூன்றையும் ஒன்றாக எடுக்காதீர்கள். எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்கவே முடியாது. பழைய உடைகளில் நைந்துபோன முழங்கை, முழங்கால் பகுதிகளை விட்டுவிடுங்கள். இழுபடும் பனியன் துணியையும் கனமான ஜீன்ஸ் துணியையும் அருகருகே தைத்தால், கனமான துணி மற்றதை இழுத்துச் சுருக்கிவிடும்.

புதுப் பருத்தித் துணியை நனைக்காமல் வெட்டுவது அடுத்த தவறு. பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும், எல்லாத் துணியும் ஒரே அளவில் சுருங்காது. அடர் சிவப்பும் கருநீலமும் சாயம் விடக்கூடியவை. ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்தால் அப்போதே தெரிந்துவிடும்.

இனி வெட்டுதல். நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். தைத்து முடித்த பிறகு 4 அங்குலச் சதுரம் வேண்டுமென்றால் 4½ அங்குலம் வெட்ட வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். இதை மறந்து 4 அங்குலமாகவே வெட்டினால், 12 சதுரங்கள் கொண்ட வரிசை 48 அங்குலத்துக்குப் பதில் 42 அங்குலத்தில் நிற்கும். கால் அங்குலத்தைச் சரியாகப் பிடிக்காததும் இதே போலத்தான் சேர்ந்துகொண்டே போகும். தையல் கோடு 1 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி விழுந்தால், ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு துண்டுகளிலிருந்தும் சேர்த்து 2 மில்லிமீட்டர் குறையும். 12 துண்டுகளுக்கு 11 இணைப்புகள், ஆக 22 மில்லிமீட்டர். அடுத்த வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டின் மூலைகளும் பொருந்தவே பொருந்தாது. மழுங்கிய பென்சில் கோட்டின் தடிமனே இந்த 1 மில்லிமீட்டரைத் தின்றுவிடும். அதனால் கூரான பென்சிலால் துணியின் பின்பக்கம் தையல் கோட்டை வரைந்துகொள்ளுங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவுகோலைப் பயன்படுத்துங்கள். ஒரு சோதனையும் உண்டு: 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி அருகருகே இணையுங்கள். நடுப்பட்டை முன்பக்கத்தில் சரியாக 1 அங்குலம் இருந்தால் உங்கள் கை தயார்.

முக்கோணங்களில் இன்னொரு சிக்கல். பாவு, ஊடை இழைகளுக்கு மூலைவாட்டமாக வெட்டிய விளிம்பு இழுத்தால் நீளும். அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை முன்னும் பின்னும் தேய்த்தால் முக்கோணம் வளைந்துவிடும். தேய்க்காமல், வைத்து அழுத்தி எடுங்கள்.

நிறத் தேர்வைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன். துண்டுகளைத் தரையில் பரப்பிக் கறுப்பு வெள்ளையில் ஒரு புகைப்படம் எடுங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், தைத்து முடித்த பிறகு உங்கள் வடிவம் தூரத்திலிருந்து தெரியாது.

மூன்று அடுக்குகளை விரிக்கும் நாளில் அவசரப்படாதீர்கள். அடித்துணியும் பஞ்சும் முகப்பைவிட நான்கு பக்கமும் 3 அங்குலமாவது பெரிதாக இருக்கட்டும். தைக்கத் தைக்க முகப்பு கொஞ்சம் நகரும், அப்போது ஓரத்தில் அடித்துணி போதாமல் போய்விடக் கூடாது. அடித்துணியைச் சுருக்கமில்லாமல் விரித்து ஓரங்களைத் தரையில் நாடா போட்டு ஒட்டுங்கள், ஆனால் விறைப்பாக இழுக்காதீர்கள். இழுத்து ஒட்டிய துணி, நாடாவை எடுத்ததும் சுருங்கி முகப்பைக் கொசுவும். பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஓர் உள்ளங்கை இடைவெளியில் ஊக்கு குத்துங்கள் அல்லது பெரிய தற்காலிகத் தையல் போடுங்கள். தைப்பதும் நடுவிலிருந்தே தொடங்கட்டும். ஓரங்களிலிருந்து தைத்து வந்தால் மிச்சத் துணியெல்லாம் நடுவில் குமிழாகத் திரளும். அதைப் பிரிக்காமல் சரிசெய்ய வழியே இல்லை.

தையல் பொடியாக இருக்க வேண்டும் என்று பலர் கவலைப்படுகிறார்கள். சீராக இருந்தால் போதும், பொடித்தையல் பழகப் பழகத் தானே வரும். குட்டையான ஊசி, சுமார் 18 அங்குல நூல், நடுவிரலில் விரலுறை, இவை மட்டும் சரியாக இருக்கட்டும். நூல் அதிக நீளமானால் துணிக்குள் மீண்டும் மீண்டும் போய்வந்து நைந்துவிடும். தையல் வளையத்தில் துணியைப் பறைத்தோல் போல இறுக்கினால் ஊசியைச் சாய்த்து எடுக்க இடமே இருக்காது. தையல் வரிகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி விடலாம் என்பது பஞ்சு விரிப்பின் உறையிலேயே அச்சிட்டிருக்கும். அதை மீறினால் துவைத்த பிறகு பஞ்சு உள்ளே கட்டிகட்டியாகத் திரண்டு நிற்கும்.

கோடு வரையும் பேனாவை முதலில் ஒரு கழிவுத் துண்டில் சோதியுங்கள். தண்ணீரில் அழியும் நீல மையின் மீது இஸ்திரி பட்டால் கறை நிலைத்துவிடலாம். சூட்டில் மறையும் மை, குளிர்ந்தால் திரும்பத் தெரியக்கூடும்.

முதல் துவைப்பு குளிர்ந்த நீரில், தனியாக. முறுக்கிப் பிழியாமல் ஒரு பெரிய குளியல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றியெடுத்து, சமதளத்தில் விரித்துக் காய வையுங்கள். நனைந்த பஞ்சின் கனத்தோடு கொடியில் தொங்கவிட்டால், அவ்வளவு பாடுபட்டுப் போட்ட தையல்கள் இழுபட்டு அறும்.