ஜெர்மனியில் நாலு வார மொழி வகுப்பு: அந்த ஒரு “வேண்டாம்”

கோவையில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். ஆடி மாதம் வந்தால் என்னிடம் படித்தவர்களில் இரண்டு மூன்று பேராவது கோடைகால வகுப்புக்கு ஜெர்மனி கிளம்புவார்கள். இந்த வருடம் ஃப்ரைபுர்க் போன ஒரு பெண், போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் கூப்பிட்டாள். “மேம், சாப்பாட்டுப் பிரச்சனையே இல்லைங்க. சின்ன குக்கர் கொண்டு வந்துட்டேன். வீட்டுக்காரம்மாகிட்ட எனக்கு எதுவும் வேண்டாம்னு சொல்லிட்டேன். அவங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே ஊரில், என் முதல் நாளில், நான் சொன்னதும் இதையேதான்.

ஸ்வெட்டர், பிளக் அடாப்டர், பாஸ்போர்ட் நகல் பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. அங்கே போய் நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

இரவுச் சாப்பாட்டை மறுப்பது

வகுப்பு காலை 9 மணிக்குத் தொடங்கி 1 மணிக்கு முடியும். நாலு மணி நேரம், பதினாறு பேர். ஆசிரியர் வாயே திறக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும் உங்களுக்குப் பேசக் கிடைப்பது பதினைந்து நிமிடம். நிஜத்தில் ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். மத்தியானம் வகுப்புத் தோழர்களோடு ஊர் சுற்றுவீர்கள். ஆளுக்கொரு நாடு என்பதால் பேச்சு தானாக ஆங்கிலத்துக்குப் போய்விடும். அப்படியானால் ஜெர்மன் எங்கே பேசுவது? மாலை ஆறரை மணிக்கு, தங்கியிருக்கும் வீட்டின் சாப்பாட்டு மேஜையில்.

அதற்கு ஆபெண்ட்ப்ரோட் என்று பெயர், அப்படியே சொன்னால் மாலை ரொட்டி. அடுப்பு மூட்டுகிற வேலை இல்லை. ஆளுக்கொரு சின்ன மரப்பலகைதான் தட்டு. கெட்டியான கறுப்பு ரொட்டியை நீளமான ரம்பக்கத்தியால் அறுத்து, வெண்ணெய் தடவி, மேலே சீஸோ தக்காளியோ ஊறுகாய் வெள்ளரியோ வைத்துக்கொள்வார்கள். சைவம் என்றாலும் வயிறு நிறையும். பத்து நிமிடத்தில் சாப்பிட்டு முடித்துவிடலாம், ஆனால் யாரும் பத்து நிமிடத்தில் எழுந்திருப்பதில்லை. கோடையில் எட்டரை வரை வெளிச்சம் இருக்கும். பக்கத்து வீட்டுச் சண்டை, பேரன் படிப்பு, நாளைக்கு மழை வருமா என்று பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும்.

நான் அந்த மேஜைக்கு இருபது நாள் போகவில்லை. என் அறையில் எலுமிச்சைச் சாதத்தை மடியில் வைத்துச் சாப்பிட்டபடி டேட்டிவ் (நான்காம் வேற்றுமை) அட்டவணையை மனப்பாடம் செய்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர்கள் சிரிப்பது கேட்கும். வீட்டுக்காரம்மா இரண்டாவது தடவை கூப்பிடவே இல்லை. நம்மைப் பிடிக்கவில்லை போல என்று நினைத்து மனம் நொந்துபோனேன்.

காரணம் அதுவல்ல. நம் வீடுகளில் விருந்தாளி முதலில் வேண்டாம் என்பார், நாம் விடாமல் இலையில் வைப்போம், மூன்றாவது தடவை அவர் சாப்பிடுவார். இரண்டு பேருக்குமே அது மரியாதை. அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மறுபடி கேட்பது உங்கள் பேச்சை மதிக்காதது போல ஆகிவிடும். இன்னொன்றும் உண்டு: ஏதாவது நீட்டும்போது “டாங்கெ” என்று மட்டும் சொன்னால், அதையும் பெரும்பாலும் மறுப்பாகவே எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் நன்றி சொல்லியிருப்பீர்கள், தட்டு அடுத்தவரிடம் போய்விடும். வேண்டும் என்றால் “யா, கெர்னெ” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கடைசி வாரம் குக்கர் பழுதாகி, வேறு வழியில்லாமல் போய் உட்கார்ந்தேன். அந்த அம்மா, “உனக்கு எங்கள் ரொட்டி பிடிக்காதுதானே?” என்றார். நான் திணறினேன். எதிரில் இருந்த பத்து வயதுப் பேரன் எனக்காகப் பதில் சொன்னான்: “டொஹ்!” இல்லையே, பிடிக்குமே என்கிற அர்த்தம். எதிர்மறையாகக் கேட்டால் அதை மறுத்து ஆமாம் சொல்லும் சொல் அது. வகுப்பில் மூன்று வாரம் புரியாதது, அவன் ரொட்டித் தட்டை என் பக்கம் தள்ளிய அந்த நொடியில் புரிந்துவிட்டது. இருபது மாலை இப்படி எத்தனை சொல் போயிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது.

ஏற்கெனவே மறுத்துவிட்டீர்களா? இன்றைக்கே போய், “டார்ஃப் இஷ் மிட்எஸ்ஸன்?” என்று கேளுங்கள். நானும் கூடச் சாப்பிடலாமா என்று அர்த்தம். அசைவம் சாப்பிடமாட்டேன் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். குக்கரைத் தூக்கி எறிய வேண்டாம், ஒரு நாள் எல்லோருக்குமாகச் சமையுங்கள். கறிவேப்பிலை என்ன, கடுகு ஏன் வெடிக்கிறது என்று அவர்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்வதற்குள் பாதி இலக்கணம் வந்துவிடும். விடுதியில் தங்குகிறவர்கள் பொதுச் சமையலறைக்கு எல்லோரும் வரும் நேரத்தில் போங்கள், காலியான பிறகு போகாதீர்கள்.

ஆங்கிலம் வழியாக யோசிப்பது

குளிரும்போது நம் ஆட்கள் “இஷ் பின் கால்ட்” என்கிறார்கள், ஆங்கிலத்தின் “ஐ ஆம் கோல்ட்” என்பதை அப்படியே மாற்றி. நான் நெஞ்சில் ஈரமில்லாத ஆள் என்பது போல ஒலிக்கும். “மியர் இஸ்ட் கால்ட்” என்பதே சரி. மியர் என்றால் எனக்கு. “எனக்குக் குளிருது” என்று நம் மொழியிலேயே அது இருக்கிறது.

வாக்கிய அமைப்பும் அப்படித்தான். “வைல் இஷ் ஹொய்டெ நாஹ் ஹௌஸெ கேஹெ.” வைல் என்றால் ஏனென்றால். அதை எடுத்துவிட்டு மீதியைப் பாருங்கள்: நான், இன்று, வீட்டுக்கு, போகிறேன். வினை கடைசியில் வருவது ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குச் சிக்கல், நமக்கு அது பிறந்த வீடு. எல்லா இடத்திலும் இப்படிப் பொருந்தாது, ஆனால் பொருந்துகிற இடத்தில் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள்.

எந்த வகுப்பில் சேர்ப்பது என்று முடிவு செய்யும் நிலைத்தேர்வுக்கு முந்தின இரவு படிப்பது

படிக்காதீர்கள். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டி பி1 என்கிற இடைநிலை வகுப்பில் போய் உட்கார்ந்தால், நாலு வாரமும் வாய் மூடியே இருப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கி வைக்காதது

சனிக்கிழமையே வாங்குங்கள். ஞாயிறு சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும்.

தண்ணீர் பாட்டிலைக் குப்பையில் போடுவது

ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பாட்டில் என்றால், ஒன்றுக்கு 25 சென்ட் முன்பணமாக விலையோடு வாங்கியிருப்பார்கள். கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

“டு” சொல்லச் சொன்ன பிறகும் “ஸீ” என்பது

டு என்றால் நீ, ஸீ என்றால் நீங்கள். அறுபது வயது அம்மாவை நீ என்று சொல்ல நமக்கு நாக்கு வராது. ஆனால் அங்கே பெரியவரே “நாம் டு சொல்லிக்கொள்ளலாம்” என்றால், உங்களை வீட்டு ஆளாகச் சேர்த்துக்கொள்கிறார் என்று பொருள். அதன் பிறகும் ஸீ, ஸீ என்றால் எட்டி நிற்பது போல அவருக்குப் படும். என் மாணவி மூன்று நாள் தயங்கினாள். நாலாவது நாள் ரொட்டியை நீட்டும்போது அவளை அறியாமல் டு வந்துவிட்டதாம். குரல் செய்தி அனுப்பியிருந்தாள், பின்னணியில் தட்டுச் சத்தம் கேட்டது.