பழைய வண்டி ட்ரையல்ஸில் வயதைக் கேட்பது எப்படி

2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் போட்ட தென்னைகளில் பாதி, அடுத்த மாசி வரை என் மச்சினன் தோப்பில் அப்படியே கிடந்தன. ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, புது ஆற்றங்கரையை ஒட்டிய தோப்பு. வாங்கவும் ஆளில்லை, அறுத்தால் கூலியும் கட்டாது. "மாமா, உங்க பழைய வண்டிக்காரங்களைக் கூட்டிட்டு வந்து இது மேல ஏத்தி இறக்குங்க" என்று அவன்தான் ஆரம்பித்து வைத்தான். நான் கும்பகோணத்தில் புல்லட், எஸ்டி, ராஜ்தூத் என்று பழைய வண்டிகளுக்கு மட்டும் பட்டறை வைத்திருக்கிறவன். கால் ஊன்றாமல் தடைகளைத் தாண்டி ஓட்டுகிற 'ட்ரையல்ஸ்' போட்டி என்று வாட்ஸப்பில் அறிவிப்புப் போட்டேன். அதில் ஒரு வரி: "வயது 18 முதல் 55 வரை". யோசித்து எழுதவில்லை. வேலைவாய்ப்பு விளம்பரம் படித்த கை, தானாக எழுதிவிட்டது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அப்போது 67. வந்தார், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். இரண்டாவது தடைப் பாதையில், அதாவது இரண்டாவது செக்‌ஷனில் 23 வயதுப் பையன் ஒருவன், இரவல் புல்லட்டில் வந்தவன், பிரேக் என்று நினைத்து வலது காலை அழுத்தினான். பழைய புல்லட்டில் வலது பக்கம் இருப்பது கியர். வண்டி நேராகப் போய் மரத்தில் முட்டியது; பையனுக்கு மணிக்கட்டில் எலும்பு விட்டுப்போனது. ஆசான் எழுந்து வந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினார். பெட்ரோலை மூடினார். "இந்த வண்டிக்கு என்ன வயசுடா?" என்று மட்டும் கேட்டார். 1974 மாடல். எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த வருடத்திலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டு வேறு மாதிரி செய்கிறோம். நீங்களும் உங்கள் ஊரில் இப்படி ஒன்று நடத்த நினைத்தால், எங்கள் வழியைச் சொல்கிறேன்.

முதலில், ட்ரையல்ஸ் என்றால் ரேஸ் இல்லை என்பதை வீட்டுக்காரர்களுக்கு விளக்கிவிடுங்கள். நடை வேகம்தான். கயிறு கட்டிய சின்னப் பாதை. அதற்குள் கால் ஊன்றாமல் போக வேண்டும். ஒரு தடவை ஊன்றினால் 1, இரண்டு தடவைக்கு 2, மூன்றோ அதற்கு மேலோ என்றால் 3. விழுந்தால், கயிற்றைத் தாண்டினால் 5. எங்கள் தோப்பில் நின்றுவிட்டாலும் 5. கடைசியில் குறைந்த புள்ளிக்காரர் ஜெயித்தார். ஸ்காட்லாந்தில் ஆறு நாள் ட்ரையல் என்று ஒன்று நடக்கிறது; அதன் தொடக்கம் 1909. அங்கே பாறையும் ஓடையும். நமக்குப் பாறைக்கு எங்கே போவது? வாய்க்கால் கரைச் சரிவு, மணல், தென்னங்கட்டை, கொஞ்சம் சேறு, இவை போதும்.

அதே ஸ்காட்லாந்தில் கின்லாக்லெவன் என்ற ஊரில் பழைய வண்டிகளுக்கென்றே ஒரு ட்ரையல் உண்டு. அதன் பேரிலேயே வயது வரம்பு இருக்கிறது, ஆனால் அது வண்டிக்கு: 1965-க்கு முந்தைய வண்டி. அந்த வருடம் ஏன் என்றால், சாமி மில்லர் என்கிற பெரிய கை, கனமான ஏரியல் வண்டியை விட்டுவிட்டு ஸ்பெயினின் புல்டாகோ டூ ஸ்ட்ரோக்கில் ஏறி ஆறு நாள் ட்ரையலை ஜெயித்தது 1965-ல். அதோடு கனமான ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம் முடிந்தது. நம்ம புல்லட்டும் அந்தக் கூட்டம்தான்: 1952-லும் 1957-லும் ஜானி பிரிட்டன் ஆறு நாள் ட்ரையலை ஜெயித்தது ராயல் என்ஃபீல்டு புல்லட்டில். பட்டறைக்கு வரும் பையன்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

சரி, வயதுக்கு வருவோம். கீழ் வரம்பு ஒன்று கட்டாயம் வையுங்கள்: 18. மோட்டார் வாகனச் சட்டப்படி 16 வயதில் 50 சிசி வரைதான் ஓட்டலாம். அது பொது வழிக்கான சட்டம், இது என் தோப்பு என்று வாதம் செய்கிறவர்கள் வருவார்கள். பையன் வீட்டிலிருந்து தோப்புக்கு எப்படி வந்தான் என்று கேளுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர் வண்டி ஓட்டி மாட்டினால் பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 வருடம் வரை சிறையும் என்று 2019 திருத்தத்தில் வந்துவிட்டது. அதைவிட எனக்குப் பெரிய காரணம் எடை. 160 கிலோவுக்கு மேல் இருக்கிற புல்லட் சரிவில் சாய்ந்தால், 15 வயதுக் கால் தாங்காது.

மேல் வரம்பாக எந்த எண்ணும் வைக்காதீர்கள். சட்டத்திலேயே இல்லை. லைசென்ஸ் 55 தாண்டினால் 5 வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும், 40 தாண்டினால் டாக்டர் கையெழுத்துப் போட்ட 1ஏ படிவம் வேண்டும், அவ்வளவுதான். அந்த டாக்டர் சீட்டு யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு, 40 தாண்டிய எல்லோரிடமும் கேளுங்கள். 41-காரரும் 71-காரரும் ஒரே வரிசையில் சீட்டை நீட்டும்போது யார் முகமும் சுண்டுவதில்லை.

எண்ணுக்குப் பதிலாக நாங்கள் வைப்பது உதை. வந்தவர் தன் வண்டியை, ஆறிய இன்ஜினை, மூன்று உதைக்குள் கிளப்ப வேண்டும். புல்லட்டில் இதை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். சாவியைப் போட்டுவிட்டு, கிக்கரை மெதுவாக அமுக்கிக்கொண்டே, மின்னோட்டம் காட்டுகிற ஆம்ப் மீட்டர் முள்ளைப் பார்ப்பார். முள் இடது பக்கம் சாய்ந்திருக்கும்; பாயிண்ட், அதாவது தீப்பொறி விடுகிற சுவிட்ச், திறக்கிற இடத்தில் நடுவுக்கு வந்து நிற்கும். அங்கே, இன்ஜினுக்குள் இருக்கிற அழுத்தத்தை வெளியே விடுகிற டீகம்ப்ரஸர் லிவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை இறக்கி, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஒரே முழு உதை. தெரியாதவர் முள்ளைப் பார்க்காமல் எகிறி எகிறி உதைப்பார். தீப்பொறி விழுகிற டைமிங் கொஞ்சம் முன்னே போயிருந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போய்விடும். இந்த ஒரு சோதனையிலேயே முழங்கால், இடுப்பு, மூச்சு, பொறுமை எல்லாம் தெரிந்துவிடும். பெரியவர்கள் அநேகமாக முதல் உதையிலேயே கிளப்பிவிடுகிறார்கள். வியர்த்து நிற்பது 25-கள்தான்.

அடுத்து, வலது கியர். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே, பிரேக் இடது காலில். புது வண்டியில் பழகியவர்களை மரங்களுக்கு நடுவே எட்டுப் போடச் சொல்லி, எதிர்பாராத நேரத்தில் "நிறுத்து" என்று கத்துங்கள். எந்தக் கால் அசைகிறது என்று பாருங்கள். வலது கால் அசைந்தால் அன்றைக்கு அவருக்குக் கட்டை ஏறுகிற செக்‌ஷன் கிடையாது. இதில் வயது பேதமே பார்க்க வேண்டாம்.

அப்புறம் சென்டர் ஸ்டாண்ட் போட்ட வண்டியில் ஃபுட்ரெஸ்ட் மேல் ஏறி இரண்டு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். ட்ரையல்ஸே நின்றுகொண்டு ஓட்டுகிற சமாச்சாரம். முழங்கால் நடுங்கினால் அவரே இறங்கிவிடுவார். நீங்கள் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

கஷ்டமானது மாத்திரைக் கேள்வி. இதை வரிசையில் நிற்க வைத்துக் கேட்காதீர்கள். முந்தின நாள் ஃபோனில், தனியாக, வீட்டம்மாவும் பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள். "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கண்ணே?" என்றால் அவர் "ஒண்ணுமில்லப்பா" என்பார், பின்னாலிருந்து அக்கா குரல் முழுப் பட்டியலையும் வாசிக்கும். சர்க்கரைக்காரர் என்றால் காலையில் சாப்பிடாமல் வரக் கூடாது என்று சொல்லுங்கள்; எல்லோருக்குமே இட்லி வைத்துவிடுவது உத்தமம். கண் ஆபரேஷன் சமீபத்தில் செய்தவருக்கு டாக்டர் சரி என்று சொல்லும் வரை இல்லை. ரத்தத்தை இளக வைக்கிற மாத்திரை எடுப்பவருக்கு நாங்கள் இல்லை என்றே சொல்லிவிடுகிறோம். நடை வேகத்தில் விழுந்தாலும் தலையில் அடிபட்டால் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். தோப்பிலிருந்து தஞ்சாவூர் போய்ச் சேரவே நேரமாகும். இந்த விதி 35 வயதுக்காரருக்கும் உண்டு.

இன்சூரன்ஸ் பேப்பரை ஒரு தடவை எடுத்துப் படியுங்கள். நம் டூவீலர் பாலிசிகளில் பந்தயம், வேகச் சோதனை, ட்ரையல்ஸ் வகையறாவுக்குப் பொருந்தாது என்று போட்டிருப்பார்கள். வருகிறவருக்கும் வீட்டாருக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நாள் பார்ப்பது சுலபம். ஜனவரி 28-ல் மேட்டூரை மூடுவது வழக்கம். மாசியில் வாய்க்கால் வற்றி, கரை இறுகியிருக்கும். அறுத்த வயலில் ஓட்டலாமே என்று நினைக்காதீர்கள், தரிசில் உளுந்து முளைத்திருக்கும், அடி விழும். காலை ஆறரைக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். சித்திரைக்குத் தள்ளினால் வயதானவர் மட்டுமில்லை, நீங்களே சுருண்டுவிடுவீர்கள்.

ஒவ்வொரு செக்‌ஷனிலும் இரண்டு வழி போடுங்கள். வெள்ளை அம்பு கட்டையைச் சுற்றிப் போகும், சிவப்பு அம்பு கட்டை மேல் ஏறும். யார் எதில் போவது என்பதை அவரவரே சொல்லட்டும். 60 தாண்டியவருக்கு வெள்ளை என்று எழுதி வைத்தால், வேண்டுமென்றே சிவப்பில் போய் விழுவார்கள். எழுதாமல் விட்டதில், போன தடவை 70 வயதுக்காரர் ஒருவர் வெள்ளையில் நிம்மதியாகப் போனார். அவர் பின்னாலேயே இரண்டு இன்ஜினியரிங் பையன்களும் போனார்கள். புள்ளி சமமாக வந்தால் வயதில் மூத்தவருக்கு. இது எங்கள் வழக்கம், சண்டை வராமலிருக்க.

எப்படிச் செய்தாலும் யாராவது ஒரு பெரியவரிடம் இல்லை என்று சொல்ல வேண்டி வரும். எனக்கு அது இரண்டாவது வருடமே வந்தது. ஆசான் முதல் உதையில் வண்டியைக் கிளப்பினார், ஃபுட்ரெஸ்டில் ஆடாமல் நின்றார். ஆனால் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது, இளக்குகிற மாத்திரை இரண்டு. முந்தின ராத்திரி வீட்டுக்கே போய்ச் சொன்னேன். பத்து நிமிடம் பேசவில்லை. அப்புறம், "பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, துண்டு போர்த்தி உட்கார வைப்பியோ?" என்றார். அதைத்தான் நினைத்திருந்தேன்.

அதைச் செய்யாதீர்கள். அட்டையும் பேனாவும் கொடுத்து, இருப்பதிலேயே கஷ்டமான செக்‌ஷனில் புள்ளி போட நிறுத்துங்கள். அவர் நாலாவது செக்‌ஷனில், வாய்க்கால் சரிவில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றார். நான் ஏறும்போது மேட்டில் அரை நொடி வண்டி நின்றிருக்கும், வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கீழே வந்து அட்டையைப் பார்த்தேன். 5.

"நிக்கலையே அண்ணே" என்றேன்.

"நின்னுச்சு" என்றார், அடுத்த வண்டியைப் பார்த்துக்கொண்டே.