வேம்புக்கும் பாலைக்கும் வேர்ப்பங்கசு: கொழும்பு வீட்டிலேயே பெருக்கும் முறை

கொழும்பில் மாடிக் குடியிருப்புகளின் பல்கனிகளிலும் சிறு முற்றங்களிலும் வேம்பு, பாலை, நாவல், மருது, இலுப்பை போன்ற கன்றுகளை வளர்த்து, மழைக்காலத்தில் அவற்றை ஊர்க் காணிக்கு எடுத்துச் சென்று நடுகின்ற குடும்பங்கள் பல உள்ளன. கொழும்பின் ஈரக் காற்றில் பச்சைப் பசேலென்று நிற்கும் கன்று, வன்னியிலோ மன்னாரிலோ முதல் சோளகக் காற்றைச் சந்திக்கும்போது பல வேளைகளில் கருகிவிடுகிறது. இதற்குக் காரணங்கள் ஒன்றல்ல. ஆனால் அவற்றுள் நாம் வீட்டிலிருந்தே சரிசெய்யக்கூடியதும் அதிகம் கவனிக்கப்படாததுமான காரணம் ஒன்று உண்டு. தும்புச்சோற்றிலும் கூட்டெருவிலும் வளர்ந்த அக்கன்றின் வேரில், வறண்ட நிலத்து மரங்களின் வேரோடு இயல்பாகவே கூடி வாழும் பங்கசு பெரும்பாலும் இருப்பதில்லை. அப்பங்கசைக் கன்று செல்லப்போகும் ஊரின் மண்ணிலிருந்தே எடுத்து, கொழும்பில் பெருக்கி, விதையிடும்போதே வேருக்குக் கொடுக்கும் முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

வேரில் நடப்பது என்ன

செய்முறைக்கு முன் இதனைப் புரிந்துகொள்வது அவசியம். புரிந்துவிட்டால் பின்னால் வரும் படிகள் ஒவ்வொன்றுக்குமான காரணம் தானாகவே விளங்கும்.

மரத்துக்குத் தேவையான சத்துக்களுள் பொசுபரசு மண்ணில் மிகக் குறைவாகவே நகரும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மண்ணில் கல்சியமும், வன்னியின் செங்கபில மண்ணில் இரும்பும் அதனைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. எனவே வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீற்றர் தூரத்தில் உள்ள பொசுபரசை வேர் உறிஞ்சி முடித்தவுடன், அந்த வெற்றிடத்தை நிரப்ப அப்பாலிருந்து வேறு பொசுபரசு விரைவில் வந்து சேர்வதில்லை. வேரினுள்ளே குடியேறும் பங்கசு, 2 முதல் 10 மைக்ரோமீற்றர் வரையே தடிப்புள்ள தன் இழைகளை அந்த வெறுமையான வலயத்தைக் கடந்து பல சென்ரிமீற்றர் தூரம் அனுப்பி, அங்கிருக்கும் பொசுபரசையும் நாகம், செம்பு போன்ற நுண் சத்துக்களையும் கொண்டுவந்து சேர்க்கிறது. வேர் மயிரும் நுழைய முடியாத நுண்துளைகளில் இவ்விழைகள் நுழைவதால், மண் காயத் தொடங்கும்போதும் வேருக்கும் மண்ணீருக்கும் இடையிலான தொடர்பு உடனே அறுந்துபோவதில்லை. மழை குறைந்த நிலத்தில் நிற்கும் மரத்துக்கு இது சிறிய உதவியன்று.

பதிலுக்கு மரமும் கொடுக்கிறது. ஒளித்தொகுப்பில் அது ஆக்கும் காபனில் ஏறக்குறைய 4 முதல் 20 வீதம் வரை, வெல்லமாகவும் கொழுப்பாகவும் பங்கசைச் சென்றடைகிறது. இக்கூட்டுறவுக்கு மைக்கோரைசா என்ற பெயரை 1885இல் ஜேர்மனியத் தாவரவியலாளர் அல்பேட் பிராங்க் இட்டார். ஸ்கொட்லாந்தின் ரைனி என்னுமிடத்தில் கிடைத்த, 40 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான தாவரச் சுவடுகளினுள்ளேயே இத்தகைய பங்கசின் கிளைத்த உறுப்புகள் காணப்பட்டுள்ளன. அதாவது, உண்மையான வேர்கள் தோன்றுவதற்கு முன்பே இந்த உறவு தோன்றிவிட்டது.

இவற்றுள் இரண்டு பெரும் வகைகள் நமக்கு முக்கியம். சிங்கராஜ வனத்தின் எண்ணெய் மரக் குடும்பத்து மரங்களில் பங்கசு வேரின் வெளிப்புறத்தைப் போர்த்தி நிற்கும். அவ்வகையில் பல காளான்களாக வெளியே தெரியும். பாலை, வீரை, வேம்பு, புளி, நாவல், பனை முதலிய வறண்ட வலயத்து மரங்களிலோ அது வேர்க்கலங்களுக்கு உள்ளேயே மரம்போலக் கிளைத்து வளரும். காளான் தருவதில்லை, வெறுங்கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆகவே கூட்டெருக் குவியலில் படரும் வெள்ளைப் பூசணத்தையோ வேர்நோய்களைத் தடுக்கவென்று கடையில் விற்கும் ட்ரைகோடெர்மா என்னும் பங்கசுத் தூளையோ இதுவென்று எண்ணிவிடக் கூடாது. ட்ரைகோடெர்மா பயனுள்ளதுதான், ஆனால் அது செய்யும் வேலை வேறு.

முதலாம் படி: தாய்மண் எடுத்தல்

தைப்பொங்கலுக்கு ஊருக்குச் செல்லும் பயணம் இதற்குப் பொருத்தமானது. கொழும்பில் தை முதல் பங்குனி வரை மழை குறைந்து வெயில் நன்றாகக் கிடைப்பதால், கொண்டுவரும் மண்ணை உடனேயே வேலைக்கு உட்படுத்தலாம்.

எந்த மரத்தை வளர்க்க விரும்புகிறீர்களோ, அதே இனத்தைச் சேர்ந்த, நோயற்ற முதிர்ந்த மரம் ஒன்றைச் சொந்தக் காணியிலோ, உரிய அனுமதியுடன் கோயில் வளவிலோ தெரிவுசெய்யுங்கள். தேசிய பூங்காக்களிலும் ஒதுக்கக் காடுகளிலும் மண் எடுக்கக் கூடாது. மேலே கிடக்கும் சருகை விலக்கி, 5 முதல் 20 சென்ரிமீற்றர் ஆழத்தில், மரத்தின் மெல்லிய வேர்கள் தெரியும் இடத்தில் மண்ணை எடுக்க வேண்டும். மெல்லிய வேர்த் துண்டுகளையும் சேர்த்தே எடுங்கள். பங்கசு வித்திகளில் மட்டுமல்லாமல் அவ்வேர்களுக்குள்ளும் இருக்கிறது. ஒரே மரத்தடியில் பல இடங்களிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து இரண்டு கிலோ சேர்த்தால் போதுமானது. வேர் அழுகிய மரத்தடியையும், நெடுங்காலம் இரசாயனப் பசளை இட்ட தோட்டத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

மண்ணைத் துணிப்பையில் இட்டு, யாழ்தேவியிலோ இரவுப் பேருந்திலோ நிழலான இடத்தில் வைத்துக் கொண்டுவாருங்கள். வெயிலில் நிறுத்திய வாகனத்தில் பூட்டி வைத்தால் வெப்பத்தில் பங்கசு இறந்துபோகக்கூடும். கொழும்பு வீட்டு முற்றத்து மண்ணையே பயன்படுத்தினால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. கொழும்பின் அமிலத் தன்மையுள்ள ஈரமண்ணுக்குப் பழகிய பங்கசைவிட, சுண்ணாம்பும் வறட்சியும் கண்ட மண்ணின் பங்கசு அந்த நிலத்துக் கன்றுக்குப் பொருத்தமானது என்பதே என் உறுதியான கருத்து.

இரண்டாம் படி: மணலும் சாடியும்

ஆற்றுமணலை நன்கு கழுவி, பழைய சட்டியில் ஒரு மணி நேரம் நீராவியில் அவித்து ஆறவிடுங்கள். உப்புள்ள கடல்மணல் வேண்டாம். அவிக்க வேண்டியது மணலை மட்டுமே. தாய்மண்ணை அவித்தால் நாம் தேடிவந்த உயிரையே அழித்துவிடுவோம். அடியில் துளையிட்ட 5 லீற்றர் வாளியில், ஒரு பங்கு தாய்மண்ணுக்கு மூன்று பங்கு மணல் என்ற அளவில் கலந்து நிரப்புங்கள்.

மூன்றாம் படி: பங்கசைப் பெருக்கும் பயிர்

இப்பங்கசு உயிருள்ள வேரின்றித் தன் வாழ்க்கையை நிறைவுசெய்வதில்லை. எனவே விரைந்து வேர்விடும் பயிர் ஒன்றில் அதனைப் பெருக்க வேண்டும். இறுங்கும் சோளமும் மிகச் சிறந்தவை. உடன் சில கௌபி விதைகளையும் இடலாம். கடுகு, முள்ளங்கி, கோவா ஆகியவற்றின் வேரில் இப்பங்கசு குடியேறுவதில்லை. கீரை வகைகளிலும் பெரும்பாலும் அவ்வாறே. ஆகவே அவற்றை இவ்வாளிகளில் வளர்ப்பதால் பயனில்லை.

விதை வாங்கும்போது ஒரு கவனம் தேவை. விதைக்கடைகளில் கிடைக்கும், நிறம் பூசிய விதைகள் பங்கசுநாசினி தடவப்பட்டவை. புறக்கோட்டைத் தானியக் கடையில் சமையலுக்கு வாங்கும் முழுத் தானியமே நமக்கு ஏற்றது. வாளிக்குப் பத்து விதை அளவில் இட்டு, முளைத்தபின் வலிமையான ஐந்தாறு நாற்றுகளை விட்டு ஏனையவற்றை வெட்டிவிடுங்கள்.

வாளிகள் வெயில் படும் இடத்தில், மழை நேரே விழாதவாறு இருக்க வேண்டும். நீர் தேங்கினால் காற்றின்றிப் பங்கசு நலியும். எனவே மேல்மண் காய்ந்தபின் மட்டும் நீரூற்றுங்கள். முதல் வாரங்களில் இலை ஓரங்கள் ஊதா நிறமாகலாம். அது பொசுபரசுக் குறைபாட்டின் அடையாளம்; கலங்கி முச்சுப்பர் பொசுபேற்றை அள்ளி இட்டுவிடாதீர்கள். பொசுபரசு எளிதாகக் கிடைக்கும்போது தாவரம் பங்கசுக்கு இடம் கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். எப்பாவலப் பாறைப் பொசுபேற்று மெதுவாகவே கரைவதால், அதில் ஒரு சிட்டிகையைத் தொடக்கத்திலேயே மணலோடு கலக்கலாம். கோழி எருவிலும் பொசுபரசு மிகுதி. ஆகவே அதுவும் வேண்டாம்.

நான்காம் படி: காயவிட்டு அறுவடை செய்தல்

மூன்று முதல் நான்கு மாதங்களில் வேர் வாளியை நிறைத்திருக்கும். அப்போது நீரூற்றுவதை நிறுத்தி, இரண்டு வாரங்கள் பயிர் வாடிக் காய விடுங்கள். அக்காலத்தில் பங்கசு வித்திகளாகத் தன்னைச் சேமித்துக்கொள்கிறது. பின்னர் தண்டை அடியோடு வெட்டி நீக்கி, வேரைச் சிறு துண்டுகளாக நறுக்கி மணலோடு கலந்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் வைத்துக்கொள்ளலாம். வெப்பம் குறைந்த உலர்ந்த மூலையில் அது சில மாதங்கள் உயிரோடு இருக்கும். ஆயினும் கூடிய விரைவில் பயன்படுத்துவதே நல்லது.

ஐந்தாம் படி: விதையோடு சேர்த்தல்

வடக்கில் வேப்பம்பழமும் பாலைப்பழமும் கிடைக்கும் ஆனி, ஆடி மாதங்கள் இதற்கு ஏற்றவை. வேப்பம் விதை சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். ஆதலால் பழத்தின் சதையை நீக்கியவுடன் விதைக்க வேண்டும்.

பொலித்தீன் பையில் மணலும் மண்ணும் சரிபாதியாகவும், கூட்டெரு ஒரு கைப்பிடியாகவும் இருந்தால் போதும். விதை இடும் குழியில் இரண்டு மேசைக்கரண்டி பங்கசு மணலை இட்டு, அதன்மேல் விதையை வையுங்கள். பையின் மேற்பரப்பில் தூவுவதால் பெரிய பயனில்லை, ஏனெனில் பங்கசு வேரைத் தொட வேண்டும். சில பைகளைப் பங்கசு இடாமல் அதே கலவையில் வளர்த்து வாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவையே துணை. கார்பண்டசிம் போன்ற பங்கசுநாசினிகளை இப்பைகளின் அருகிலும் கொண்டுவராதீர்கள்.

புளியையும் கொன்றையையும் பற்றி இங்கே ஒரு சொல். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவையாயினும் இவை வேர்முடிச்சு இடுவதில்லை. ஆகவே நைதரசனைத் தாமே தேடிக்கொள்ளும் என்று எண்ணி விட்டுவிடாமல், இவற்றுக்கும் வேர்ப்பங்கசைத் தவறாமல் கொடுங்கள்.

ஆறாம் படி: குடியேறியதா என்று பார்த்தல்

நுணுக்குக்காட்டி உள்ள பாடசாலை ஆய்வுகூடத்தில் விஞ்ஞான ஆசிரியரின் உதவியுடன் இதனைச் செய்யலாம். மெல்லிய வேர்களைக் கழுவி, 10 வீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் நிறம் வெளிறும்வரை சூடாக்கி, நீரில் பலமுறை அலசுங்கள். பின்னர் வினாகிரியில் 5 வீதம் பேனா மை கலந்த கரைசலில் மூன்று நிமிடம் கொதிக்க வைத்து, சில துளி வினாகிரி சேர்த்த நீரில் அலசிப் பாருங்கள். வேர்க்கலங்களிடையே மை ஏறிய இழைகளும் உருண்டைப் பைகளும் தெரிந்தால் பங்கசு குடியேறிவிட்டது. ஐதரொட்சைட்டுக் கரைசல் தோலையும் கண்ணையும் எரிக்கும். எனவே கையுறையும் கண்ணாடியும் இன்றி அதனைத் தொடக் கூடாது, வீட்டுச் சமையலறையில் செய்யவும் கூடாது.

ஏழாம் படி: நடுகை

வேகமாக வளரும் வேம்பை அதே ஆண்டு ஐப்பசி, கார்த்திகை மழையில் நடலாம். மெதுவாக வளரும் பாலையை அடுத்த ஆண்டு மழைவரை பையிலேயே வைத்திருப்பது நல்லது. பையை வெட்டும்போது வேர்மண் உதிராமல் பார்த்துக்கொள்ளுங்கள்; வேருக்கு வெளியே நீண்டிருக்கும் இழைகள் அந்த மண்ணில்தான் உள்ளன. குழியில் பொசுபேற்றுப் பசளை இடாதீர்கள். கன்றைச் சுற்றிச் சருகைக் கொளுத்துவதும் மண்ணை அடிக்கடி கொத்துவதும் இழைகளை அழிக்கும். சருகை அப்படியே மூடாக்காக விட்டுவிடுங்கள்.

இந்த முயற்சியின் பலன் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இராது. பழைய மரங்கள் சூழ நிற்கும் வளவில் மண்ணிலேயே பங்கசு இருப்பதால், இட்ட கன்றுக்கும் இடாத கன்றுக்கும் வேறுபாடு குறைவாகவே தெரியும். மேல்மண் வழித்தெடுக்கப்பட்ட காணிகளிலும், கிரவல் தோண்டிய குழிகளின் ஓரங்களிலும், பல்லாண்டுகள் வெறுமையாகக் கிடந்த நிலங்களிலும்தான் வேறுபாடு நன்றாகத் தெரியும் என்பதால், கையிருப்பிலுள்ள பங்கசு மணல் குறைவாயின் அத்தகைய இடங்களுக்குச் செல்லும் கன்றுகளுக்கே முதலில் கொடுங்கள். பங்கசு இருந்தாலும் முதலாவது கோடையில் வைகாசி தொடங்கி ஆவணி முடியும்வரை கிழமைக்கு ஒரு முறையாவது ஆழமாக நீர் ஊற்ற வேண்டும். அந்தப் பொறுப்பை ஊரில் யார் ஏற்பார் என்பதைக் கன்றை அனுப்புவதற்கு முன்பே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.