தண்ணீர் தெளிவாகத்தானே இருந்தது: வளவுத் தொட்டியில் மீன் வளர்ப்பவர்கள் விடும் பிழைகள்

"நேற்றுத்தான் தொட்டியை முழுக்க இறைச்சு, உரஞ்சிக் கழுவி, புதுத் தண்ணி விட்டனான். விடியப் பார்த்தால் எல்லாம் மிதக்குது."

யாழ்ப்பாணத்தில் வீட்டு வளவில் மீன் வளர்க்கும் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை இருக்கும். என்னிடமும் இருக்கிறது. அன்றைக்குத் தொட்டியின் அடியில் கிடந்த ஐந்து ரூபாய்க் குற்றிகூடத் தெரிந்தது. தண்ணீர் அவ்வளவு தெளிவு. செத்தது 11 கோல்ட் பிஷ்.

முதற் பிழை அந்தத் தெளிவை நம்புவதுதான். மீனின் கழிவு பெரும்பாலும் அமோனியாவாகச் செவுள் வழியே வெளியே வருகிறது. மீனுக்கு நஞ்சான அதற்கு நிறமில்லை. ஒரு வகைப் பக்டீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும், இன்னொரு வகை அதை அவ்வளவு தீங்கில்லாத நைத்திரேற்றாக மாற்றும். இவை குடியிருப்பது சுவரிலும் கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் வழுவழுவென்று படிந்திருக்கும் அந்தப் படலத்தில். நாம் தும்புத்தடி எடுத்து உரஞ்சித் தள்ளுவதும் அதையேதான். மறுபடி நிலைகொள்ள 4 முதல் 6 கிழமை பிடிக்கும்.

எங்கள் மண்ணில் இது இன்னும் சிக்கலாகிறது. குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. கேத்திலின் உள்ளே வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் தொட்டித் தண்ணீரிலும் கரைந்திருக்கிறது. வன்னீர், காரப் பக்கம் சாய்ந்த நீர். 25 பாகை வெப்பத்தில், நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச் 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் நஞ்சான பங்கு 1 வீதம்கூட இல்லை. பி.எச் 8 என்றால் ஏறத்தாழ 5 வீதம். 9 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வெப்பம் கூடக்கூட இது இன்னும் ஏறும். அதே மீன், அதே தீனி, ஆனால் பி.எச் ஏறினால் நஞ்சு பல மடங்கு.

புதிதாகக் கட்டிய சீமெந்துத் தொட்டியில் உடனே மீன் விடக்கூடாது என்பதும் இதனால்தான். சீமெந்திலிருந்து கசியும் சுண்ணாம்பு பி.எச்சை 9க்கும் மேலே தள்ளிவிடும். வாழைக்குற்றியை வெட்டிப் போட்டு ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி நிரப்பும் பழைய வழக்கம் நல்லதே. மூன்று நான்கு கிழமை பொறுத்து, சோதனைத் தாளில் பார்த்துவிட்டு விடுங்கள். கடைக்காரர் "இண்டைக்கே விடலாம்" என்றால் அவருக்கு மீன் விற்க வேண்டியிருக்கிறது.

சரி, கழுவிய அடுத்த நாளே ஏன் செத்தன? அதற்கு அமோனியாவைக் குற்றம் சொல்வது கடினம், அது சேர நாளெடுக்கும். மோட்டர் போட்டு நேரே நிலத்தடியிலிருந்து வரும் தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, காபனீரொட்சைட்டு கூட. அதில் முழுத் தொட்டியையும் நிரப்பினால் மீன் மூச்சுத் திணறும். மறுநாள் செத்தால் மூச்சு, ஒரு கிழமை கழித்துச் செத்தால் அமோனியா என்பது என் கணக்கு. அது பெரும்பாலும் தவறுவதில்லை. பைப்பை உயரத் தூக்கிப் பிடித்துத் தண்ணீரைச் சிதறவிடுங்கள். கிழமைக்கு ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு மாற்றினால் போதும். வடிகட்டிப் பஞ்சை அதே தொட்டித் தண்ணீரில் அலசுங்கள், சவர்க்காரம் வேண்டாம்.

கிணற்றுக்குக் குளோரீன் போட்ட நாட்களில் அந்தத் தண்ணீர் தொட்டிப் பக்கமே போகக்கூடாது. குழாய் நீரிலும் குளோரீன் உண்டு. திறந்த பாத்திரத்தில் ஒன்றிரண்டு நாள் வெயிலில் வைத்தால் போய்விடும்.

பலர் கவனிக்காத பிழை ஒன்று இருக்கிறது. சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் தொட்டி நாளுக்கு நாள் வற்றும். நாமும் குறைந்ததை மட்டும் நிரப்பிக்கொண்டே இருப்போம். ஆவியாகிப் போவது வெறும் நீர்தான், உப்பும் கல்சியமும் தொட்டியிலேயே தங்கும். ஒவ்வொரு வாளியும் அதை இன்னும் கூட்டும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது எல்லாருக்கும் தெரியும். குடாநாட்டுக் கிணறுகளும் கிட்டத்தட்ட அப்படித்தான், கோடையில் கூட இறைத்தால் உவர் ஏறும். ஆகவே வெறுமனே நிரப்பாமல், கொஞ்சம் இறைத்து மரங்களுக்கு ஊற்றிவிட்டு நிரப்புங்கள்.

பச்சைத் தண்ணீரைக் கண்டு பதறவும் தேவையில்லை. தோட்டக் காணிகளை ஒட்டிய கிணறுகளில் உரத்தின் நைத்திரேற்று கலந்திருக்கும், பாசிக்கு அது விருந்து. பாசி அமோனியாவையும் தின்னும். ஆனால் இரவில் அதுவும் மூச்சுவிடும். 30 பாகை நீர் லீற்றருக்கு ஏழரை மில்லிகிராம் அளவில்தான் ஒட்சிசனைத் தாங்கும், அதையும் பாசி பங்கு போட்டால் விடியப்புறம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதைப் பசி என்று நினைத்து பாணைப் பிய்த்துப் போடுவது மிகப் பெரிய பிழை. பாதித் தொட்டிக்கு நிழல், ஒரு சின்னக் காற்று மோட்டர், இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் தீனி. மப்பு நாளில் அந்தத் தீனியும் வேண்டாம்.

நோய் வந்தால் கையளவில் மருந்து போடாதீர்கள். 6 அடி நீளம், 4 அடி அகலம், இரண்டரை அடி ஆழமான தொட்டி ஏறத்தாழ 1,700 லீற்றர். லீற்றருக்கு 1 கிராம் கல்லுப்பு என்றால் 1.7 கிலோ. லீற்றருக்கு 2 மில்லிகிராம் கொண்டிஸ் (பொற்றாசியம் பரமங்கனேற்று) என்றால் 3.4 கிராம், ஒரு தேக்கரண்டிகூட வராது. "இன்னும் கொஞ்சம் ஊதா நிறம் வரட்டும்" என்று போட்டவர்களின் மீன்கள் நோயில் சாகவில்லை. புது மீனை இரண்டு கிழமை வேறு தொட்டியில் வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கே பெரும்பாலும் தேவைப்படாது.

பக்கத்துத் தோட்டத்தில் மிளகாய்க்கோ வெங்காயத்துக்கோ மருந்தடிக்கும்போதும், டெங்குக்குப் புகை அடிக்க வரும்போதும் தொட்டியை மூடுங்கள். நுளம்புக்கு அடிக்கும் பைரித்திரொயிட் வகை மருந்து மீனுக்குக் கடும் நஞ்சு. அப்புறம், மீன் செத்த மனவருத்தத்தில் தொட்டியை அப்படியே விட்டுவிடாதீர்கள். பத்து நாளுக்குள் நுளம்பு பறக்கும். நுளம்புப் புழுவைத் தின்னும் கப்பி மீன் நாலாவது விட்டுவையுங்கள், சுகாதாரப் பரிசோதகர் வந்து எட்டிப் பார்க்கும்போது காட்ட ஏதாவது இருக்கும்.