என்பிஏ அணியை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஓர் அணி தேறுமா தேறாதா என்று பேச்சு வந்தால், பலரும் முதலில் எண்ணுவது நட்சத்திர வீரர்களைத்தான். 2023-இல் ஃபீனிக்ஸ் சன்ஸை அப்படித்தான் எண்ணினார்கள். டெவின் புக்கர் ஏற்கெனவே இருந்தார். பிப்ரவரியில் கெவின் டுரான்ட், ஜூனில் பிராட்லி பீல் வந்து சேர்ந்தார்கள். மூவருமே ஏதாவதொரு சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளியைத் தாண்டியவர்கள். சரி, பந்து ஒன்றுதானே? ஆட்டத்தை நடத்திக் கொடுக்கும் கிறிஸ் பாலையே கொடுத்துத்தான் பீலை வாங்கினார்கள். விளைவு, 2024 ப்ளே-ஆஃப் முதல் சுற்றில் மினசோட்டாவிடம் 0-4 தோல்வி. அடுத்த சீசனில் 36 வெற்றி, 46 தோல்வி. ப்ளே-ஆஃப் பக்கமே போகவில்லை. புள்ளிகளைக் கூட்டுவதற்கு முன் பந்தை யார் கொண்டு வருவார், எதிரணியின் சிறந்த வீரரை யார் தடுப்பார் என்று பாருங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, ஒப்பந்தத்தில் சம்பளத்தை மட்டும் படிப்பது. பீல் 2022-இல் தன் பழைய அணியான வாஷிங்டனில் போட்டது 5 ஆண்டுக்கு 25.1 கோடி டாலர் ஒப்பந்தம். தொகை பெரிதுதான், ஆனால் ஃபீனிக்ஸின் கையைக் கட்டியது அதிலிருந்த இன்னொரு நிபந்தனை: அவர் சம்மதிக்காமல் வேறு அணிக்கு அனுப்ப முடியாது. ட்ரேடில், அதாவது அணிகளுக்கிடையிலான வீரர் பரிமாற்றத்தில், அவர் வந்தபோது அந்த நிபந்தனையும் கூடவே வந்துவிட்டது. கடைசியில் 2025 ஜூலையில் கணக்கு முடித்து விடுவித்தார்கள். அவர் ஃபீனிக்ஸுக்கு ஆடாமலேயே 2029-30 வரை ஆண்டுக்குச் சுமார் 1.94 கோடி டாலர் ஃபீனிக்ஸின் சம்பளக் கணக்கில் நிற்கும். இதைத்தான் அங்கே 'செத்த பணம்' என்கிறார்கள்.

அப்புறம் 'செகண்ட் ஏப்ரன்'. அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. விதிவிலக்குகளால் அதைத் தாண்டலாம்; அதற்கும் மேலே, தாண்டினால் கட்டுப்பாடுகள் இறுகும் கோடுதான் இது. 2024-25-இல் சம்பள உச்சவரம்பு சுமார் 14.06 கோடி டாலர், செகண்ட் ஏப்ரன் கோடு சுமார் 18.89 கோடி. முதலாளி பணக்காரர், வரி கட்டிவிட்டுப் போகிறார் என்று ரசிகர்கள் நினைப்பதுண்டு. அந்தக் கோட்டைத் தாண்டினால் வரியோடு விடுவதில்லை. இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்துக் கொடுத்து பெரிய வீரர் ஒருவரை வாங்க முடியாது. வெளியிலிருந்து ஆள் எடுக்க அநேகமாகக் குறைந்தபட்சச் சம்பளம்தான் வழி. போதாததற்கு டுரான்டுக்காக டிராஃப்டில், அதாவது புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், 4 முதல் சுற்று வாய்ப்புகளையும் ஃபீனிக்ஸ் கொடுத்திருந்தது. குறைந்த சம்பள இளைஞர்கள் வருவதே அந்த வழியில்தான்.

ரசிகர் மனநிலை விஷயத்தில் இரண்டு பக்கமும் சறுக்கலாம். பீல் வந்த வாரத்துக் கொண்டாட்டத்தை வைத்து மதிப்பெண் போட்டவர்கள் ஏமாந்தார்கள். மாறாக, ரசிகர் கோபம் என்றால் நாலு நாள் கூச்சல் என்று ஒதுக்குவதும் தப்புதான். 2025 பிப்ரவரியில் டல்லாஸ் மேவரிக்ஸ் லூக்கா டோன்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்தது. எட்டு மாதம் முன்புதான் அவர் அணியை இறுதிச் சுற்றுக்குக் கொண்டு போயிருந்தார். பொது மேலாளர் நிகோ ஹாரிசனை நீக்கச் சொல்லி அரங்கத்திலேயே கோஷம். மே மாதம், டிராஃப்டில் முதல் தேர்வு யாருக்கு என்று முடிவு செய்யும் லாட்டரியில் வெறும் 1.8 சதவீத வாய்ப்பிலேயே டல்லாஸுக்கு அது அடித்து, இளம் வீரர் கூப்பர் ஃபிளாக் கிடைப்பார் என்றானபோது, ட்ரேடும் சரிதான் என்று சிலர் பேச ஆரம்பித்தார்கள். குருட்டு அதிர்ஷ்டத்தைத் திட்டமாக எழுதிக்கொள்வதும் இந்தப் பட்டியலில் சேர வேண்டியதே. ரசிகர்கள் அதில் மயங்கவில்லை. புதிய சீசனிலும் கோஷம் தொடர்ந்தது. நவம்பரில் ஹாரிசனின் வேலை போயிற்று.