வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறதா? கொல்லைக் கதவிலிருந்து தொடங்குங்கள்

டெல்டாவில் துப்பாக்கி இருக்கும் வீடுகள் இரண்டு வகை. ஒன்று, தாத்தா காலத்தில் பன்றி, நரி விரட்ட வயல் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கிய பழைய மிராசு வீடுகள். இன்னொன்று, என்னைப் போல ராணுவத்திலிருந்து வந்து வங்கிக் காவலுக்காக வாங்கியவர்களின் வீடுகள். நான் ஹவில்தாராக ஓய்வு பெற்று, அதன்பின் ஒரு வங்கிக் கிளையின் வாசலில் சொந்தத் துப்பாக்கியோடு நின்றவன். ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம். ஜம்முவில் செய்த இரட்டைக்குழல், 12 போர் (குழலின் உள்ளளவைச் சொல்லும் எண்). சாயந்திரம் கிளை மூடியதும் அது என்னோடுதான் வீட்டுக்கு வரும். அதனால் துப்பாக்கியை வீட்டில் எப்படி வைப்பது என்பது எனக்கு அன்றாட வேலையாகவே இருந்தது.

முதலில் ஒரு நினைப்பை விட்டுவிடுங்கள். "திருடன் வந்தா எடுத்துக் காட்டினாப் போதும், ஓடிடுவான்" என்று பலர் சொல்கிறார்கள். நம் பக்கம் திருடன் பெரும்பாலும் பூட்டிய வீட்டுக்குத்தான் வருகிறான். நீங்கள் சமயபுரத்துக்கோ கல்யாணத்துக்கோ போயிருக்கும் இரவில் வருகிறான். அப்போது உங்கள் துப்பாக்கியைப் பிடிக்க வீட்டில் ஆள் இல்லை. அவனுக்கு அதுவும் ஒரு சரக்கு. நகை போனால் நட்டம் நமக்கு. துப்பாக்கி போனால் அது எந்த ஊரில் யார் நெஞ்சுக்கு நேராக நிற்கும் என்று நமக்குத் தெரியாது. அதில் அடித்திருக்கும் நம்பர் மட்டும் நம்முடையது.

ஆக, துப்பாக்கி வீட்டைக் காக்கும் என்று இருக்காமல், வீட்டை வைத்துத் துப்பாக்கியைக் காக்க வேண்டும்.

கொல்லைப்பக்கம் போய் நின்று பாருங்கள். வாசல் கதவு நான்கு தலைமுறைத் தேக்கு. தாழ்ப்பாள், நாதாங்கி, குறுக்குச் சட்டம் எல்லாம் இருக்கும். கொல்லைக் கதவோ மெல்லிய பலகை, அல்லது குளியலறைக்குப் போடுகிற பிளாஸ்டிக் கதவு. ஓர் உதையில் போய்விடும். செலவு செய்வதென்றால் முதல் செலவு இங்கேதான். உள்பக்கம் இரும்புத் தகடு அடித்த கதவு, மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள், நிலைச்சட்டத்தில் ஆழமாக இறங்கும் திருகுகள். கொண்டியை வெளியிலிருந்து கழற்ற முடிகிற திருகால் மாட்டாதீர்கள். போல்ட்டாகப் போட்டு நட்டை உள்பக்கம் வையுங்கள்.

அடுத்து, கொல்லையில் கிடக்கும் சாமான்கள். கடப்பாரை எங்கே சாய்த்திருக்கிறது? தேங்காய் பறிக்கிற ஏணி எங்கே கிடக்கிறது? வைக்கோல் போர் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறதா? எங்கள் தெருவில் ஒரு வீட்டில் புகுந்தவன் வெறுங்கையோடு வந்தான். வைக்கோல் போரில் ஏறி, ஓட்டைப் பிரித்து இறங்கி, அந்த வீட்டுக் கடப்பாரையாலேயே பீரோவை நெம்பினான். அவர்கள் வீட்டில் துப்பாக்கி இல்லாதது அந்தத் தெருவுக்கே நல்ல காலம். கடப்பாரை, மண்வெட்டி, அரிவாள், ஏணி எல்லாம் இரவில் பூட்டுக்குள் போக வேண்டும். ஏணி உள்ளே கொள்ளாவிட்டால் சங்கிலி போட்டுத் தென்னையோடு பூட்டுங்கள். போரைச் சுவரை விட்டு ஆள் தாண்ட முடியாத தூரத்தில் தள்ளிப் போடுங்கள்.

ஓட்டு வீட்டில் கூரை ஒரு கதவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி இருக்கும் அறைக்கு மேல் மட்டுமாவது, ஓட்டுக்கு அடியில் கைமரத்தோடு சேர்த்து இரும்புக் கம்பி வலை அடித்துவிடலாம். முற்றத்துக்கு மேல் கம்பி இல்லாத வீடு இன்னும் இருக்கிறது. அதற்கு முதலில் கம்பி போடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபின் பலர் ஓட்டை எடுத்துவிட்டுத் தகரம் போட்டார்கள். தகரத்தைப் பிடித்திருக்கும் கொக்கி போல்ட்டின் நட்டு வெளியே வானத்தைப் பார்த்துத்தான் இருக்கும். ஒரு ஸ்பேனர் போதும், சத்தமில்லாமல் கழற்றிவிடலாம். நட்டுக்கு மேல் நீட்டியிருக்கும் மரையைச் சுத்தியலால் தட்டி நசுக்கிவிட்டால் நட்டு எளிதில் வெளியே வராது.

கேமரா வைப்பது நல்லதுதான். ஆனால் படம் பதிவாகிற பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். விவரம் தெரிந்தவன் போகும்போது அதையும் தூக்கிக்கொண்டு போகிறான். அதைப் பரணில் மறைத்து வைத்து, இன்வெர்ட்டரோடு இணையுங்கள். மழைக்காலத்தில் நமக்கு மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

இனி துப்பாக்கிக்கு வருவோம். ராணுவத்தில் கோத் என்று ஓர் இடம் உண்டு. துப்பாக்கிகள் அங்கே இருக்கும். தோட்டா அங்கே இருக்காது. அது வேறு கட்டடம், வேறு பூட்டு, வேறு சாவி, வேறு பதிவேடு. ஒரு பூட்டை உடைத்தவனுக்கு முழு ஆயுதம் கிடைக்கக் கூடாது என்பதுதான் இதன் கணக்கு. அந்தக் கணக்கை வீட்டிலும் அப்படியே வைக்கலாம்.

இரட்டைக்குழலோ ஒற்றைக்குழலோ, நடுவில் மடங்குகிற 12 போர் என்றால் கருவி எதுவும் இல்லாமல் இரண்டாகக் கழற்றலாம். குழலை ஆள் இல்லாத பக்கம், தரையைப் பார்த்துப் பிடியுங்கள். விரல் விசைக்குப் பக்கத்தில் போகக் கூடாது. மேலே உள்ள நெம்புகோலைக் கட்டைவிரலால் ஒதுக்கினால் குழல் மடங்கித் திறக்கும். தோட்டா அறை இரண்டையும் கண்ணால் பாருங்கள். பார்த்தது போதாது, சுண்டுவிரலை விட்டுத் தடவுங்கள். கரண்ட் இல்லாத இரவில் கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது. பிறகு குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றினால், குழல் கொக்கியிலிருந்து தனியாக வந்துவிடும். முன்கட்டையைத் திரும்பக் குழலிலேயே மாட்டிவிடுங்கள்; தொலையாது. இப்போது உங்களிடம் இருப்பது இரண்டு பொருள்: ஒரு குழல், விசையோடு கூடிய ஒரு கட்டை. குழல் ஓர் இடத்தில், கட்டை வேறோர் இடத்தில், தோட்டா மூன்றாவது இடத்தில். மூன்றுக்கும் மூன்று பூட்டு. குழல் மட்டும் கிடைத்தவன் கையில் இருப்பது வெறும் இரும்புக் குழாய்.

315 ரைஃபிள் வைத்திருப்பவர்கள், தோட்டா அறையைப் பின்னாலிருந்து அடைக்கிற போல்ட்டை உருவித் தனியே வையுங்கள். மருந்து இடித்துச் சுடுகிற பழைய துப்பாக்கி என்றால் கரிமருந்தும் அதைப் பற்றவைக்கிற கேப்பும் துப்பாக்கி இருக்கும் அறையிலேயே இருக்கக் கூடாது. அடுப்படிப் பக்கமும் சாமி விளக்குப் பக்கமும் கூடவே கூடாது.

பெட்டி விஷயத்தில் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், பலர் பணத்தைப் போட்டும் இங்கே கோட்டை விடுகிறார்கள். கடைப் பீரோவின் தகடு மெல்லியது, கடப்பாரைக்கு நிற்காது. வெல்டிங் பட்டறையில் சொல்லி 3 மில்லிமீட்டர் தகட்டில் ஒரு நீளப் பெட்டி செய்யச் சொல்லுங்கள். குழல் 30 அங்குலம் என்றால் உள்நீளம் 34 அங்குலம் இருக்கட்டும். கீல் உள்பக்கம் இருக்க வேண்டும். கதவின் விளிம்பு சட்டத்துக்குள் மடிந்து இறங்க வேண்டும். நெம்புகிறவனுக்குக் கடப்பாரை முனை நுழையச் சந்து இருக்கக் கூடாது. வெளியே தொங்குகிற பூட்டைவிட உள்ளே பதித்த பூட்டு நல்லது. தொங்கு பூட்டுத்தான் என்றால் திண்டுக்கல்லில் செய்த கனமான பூட்டாக வாங்கி, பூட்டின் வளையம் வெளியே தெரியாதபடி அதைச் சுற்றி ஒரு தகட்டுக் கூடு வெல்ட் வையுங்கள்.

பெட்டி செய்தபின் அதைச் சுவரில் கட்ட வேண்டும், இல்லையென்றால் பெட்டியோடு தூக்கிப் போவான். புதிய சிமென்ட் வீட்டில் துளை போட்டு ஆங்கர் போல்ட் அடித்தால் பிடித்துக்கொள்ளும். பழைய வீட்டுச் சுவர் செங்கலும் சுண்ணாம்புக் காரையும். ஆங்கர் போல்ட்டை இறுக்க இறுக்கக் காரை மாவாக உதிரும், கையால் இழுத்தாலே வந்துவிடும். அங்கே சுவரை முழுக்கத் துளைத்து நீள போல்ட் விட்டு, அடுத்த அறைப் பக்கம் ஒரு சாண் அகலத் தகடு வைத்து நட்டு போட வேண்டும். அந்த நட்டு வீட்டுக்கு உள்ளே இருக்கும் சுவரில்தான் வர வேண்டும், தெருப்பக்கச் சுவரில் வரக் கூடாது. என் பெட்டி நெல் பத்தாயத்துக்குப் பின்னால் அப்படித்தான் இருக்கிறது. பத்தாயத்துக்கு உள்ளே வைக்கலாமே என்று கேட்பார்கள். நெல் இல்லாத பத்தாயத்தில் என்ன இருக்கும் என்று பார்க்கிற ஆசை எல்லாருக்கும் வரும், அதனால் வேண்டாம்.

சாவியைப் பற்றி ஒன்று. நிலைக்கு மேல், சாமி படத்துக்குப் பின்னால், அரிசிப் பானைக்குள், துளசி மாடத்துப் பிறையில், பீரோவில் மடித்த பட்டுப்புடவைக்கு அடியில்: இந்த இடங்களை உங்களுக்கு முன்பே திருடன் அறிவான். வீட்டில் இருக்கும்போது சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். ஊருக்குப் போகும்போது சாவியும் உங்களோடு வரட்டும். கோடை லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வரும் வீட்டில் இது திருடனுக்காக மட்டும் சொல்வதும் இல்லை.

நம் ஊர் ஈரம் துப்பாக்கிக்கு இன்னொரு பகை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூட்டிய பெட்டிக்குள் குழல் துருப் பூத்துப்போகும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்றும் சேரும். துணி உறை, தோல் உறை எதிலும் போட்டு வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பை போட்டு, அடைமழை மாதங்களில் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். அந்தப் பழக்கத்தில் இன்னொரு லாபம்: துப்பாக்கி இருக்கிறதா என்பதும் வாரம் ஒருமுறை தெரிந்துவிடும்.

பேச்சையும் பூட்ட வேண்டும். டீக்கடையில் துப்பாக்கிப் பேச்சு வேண்டாம். கல்யாண வீட்டில் எடுத்துக் காட்ட வேண்டாம். ஆயுத பூஜைக்குச் சாமி முன்னால் வைப்பது எங்கள் வீட்டிலும் உண்டு. விடியற்காலையில் தோட்டா இல்லாமல் வைத்து, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, சுண்டலுக்கு ஆள் வருமுன் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிடுவேன். பேரன் போட்டோ எடுக்கக் கேட்டான். கூடாது என்று சொல்லிவிட்டேன். ஒரு போட்டோ வாட்ஸ்அப்பில் போனால் எத்தனை கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது.

நாலு நாள் வெளியூர் போவதென்றால் ஸ்டேஷனில் பூட்டிய வீடு என்று சொல்லிவிட்டுப் போங்கள், ரோந்து வருகிறவர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள். மாதக்கணக்கில் மகன் வீட்டுக்கோ வெளிநாட்டுக்கோ போவதென்றால் துப்பாக்கியை வீட்டில் விடவே வேண்டாம். லைசென்ஸ் பெற்ற ஆயுத டீலரிடம் பாதுகாப்பில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம்.

சென்ற வருடம் தங்கை முறையாகும் ஒருத்தி போன் செய்தாள். "அண்ணே, அவரு போயி ஆறு மாசம் ஆச்சு, துப்பாக்கி கட்டிலுக்கு அடியில வேட்டியில சுத்திக் கெடக்கு, என்ன பண்றதுன்னு தெரியல" என்றாள். இப்படி எத்தனையோ வீடு இருக்கும். லைசென்ஸ் ஒரு ஆளுக்குக் கொடுப்பது. அவர் இறந்தபின் அது வாரிசுக்குத் தானாக வராது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தாமதமில்லாமல் ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். காலாவதியான லைசென்ஸுக்கும் இதே விதிதான். அவளிடம் நான் சொன்னது: நீ அதைத் தொடாதே, தூக்கிக்கொண்டு பஸ்ஸிலும் ஏறாதே, முதலில் ஸ்டேஷனுக்குப் போன் செய்து சொல்லு, லைசென்ஸ் புத்தகத்தையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்து வை. மகனுக்கு வேண்டுமென்றால் அவன் தன் பேரில் தனியாக லைசென்ஸுக்கு மனுப் போடட்டும். நானும் கூடப் போய் ஒப்படைத்து ரசீது வாங்கிக் கொடுத்தேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரணமாக ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதையும் பழைய வீட்டுக்காரர்கள் நினைவில் வையுங்கள்.

துப்பாக்கி காணாமல் போனது தெரிந்தால், தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று ஒரு பொழுதுகூட இருக்காதீர்கள். 112க்கோ 100க்கோ அடியுங்கள், எதையும் தொடாமல் வெளியே நில்லுங்கள். உடனே தகவல் கொடுப்பது லைசென்ஸின் நிபந்தனை. துப்பாக்கி நம்பர், லைசென்ஸ் நம்பர், மீதமிருந்த தோட்டா எத்தனை என்று கேட்பார்கள். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, லைசென்ஸ் நகலோடு, பெட்டி இருக்கும் வீட்டில் இல்லாமல் மகளிடமோ தம்பியிடமோ முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். எப்.ஐ.ஆர் நகலை வாங்கி, லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

தேர்தல் அறிவித்ததும் ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும். ஒப்படைக்கும்போது ரசீதில் நம்பர் சரியாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். முடிந்து திரும்ப வாங்கும்போது குழலில் இருக்கும் நம்பரையும் கட்டைப் பக்கம் இருக்கும் நம்பரையும் இரண்டையும் லைசென்ஸோடு ஒத்துப் பாருங்கள். பல துப்பாக்கி ஒன்றாக அடுக்கிய இடத்தில் மாறிப்போக வாய்ப்பு உண்டு. திறந்து விரல் விட்டுப் பார்த்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, அன்றைக்கே கழற்றிப் பெட்டியில் வையுங்கள்.